கையெழுத்துக்குக் காத்திருந்த கணக்கு

"ஒரு ஆளைக் கொல்லணும்," என்றார் வந்தவர், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே.

"அந்த டிபார்ட்மென்ட் இங்கே இல்ல சார். கண்டுபிடிச்சுக் குடுக்கிறதோட எங்க வேலை முடிஞ்சுது," என்றேன்.

அண்ணி மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். ஒரு மிதி என்றால் வாயை மூடு. இரண்டு மிதி என்றால் வந்தவருக்குத் தண்ணீர் கொண்டு வா. இரண்டு மிதி விழுந்தது.

அண்ணி ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் பதினெட்டு வருஷம் பொய்க் கோரிக்கைகளை மோப்பம் பிடித்தவர். செத்துப்போனதாகச் சர்டிபிகேட் வாங்கிய மூன்று பேரை உயிரோடு பிடித்துக் கொடுத்திருக்கிறார். வேலையை விட்டுவிட்டு இந்த ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தபோது, மெடிக்கல் ரெப்பாக மருந்துப் பையோடு டாக்டர்கள் வாசலில் தவம் கிடந்த என்னையும் இழுத்துக்கொண்டார். அண்ணன் கப்பலில் வேலை பார்க்கிறார். வருஷத்தில் பத்து மாதம் தண்ணீரில். ஆகவே வீட்டிலும் ஆபீஸிலும் எனக்கு மேலதிகாரி அண்ணிதான்.

வந்தவருக்கு ஐம்பத்தைந்து இருக்கும். முழங்கை வரை பொட்டுப் பொட்டாகப் பழைய தீப்பொறித் தழும்புகள். நாற்காலியை ஒரு முறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"எந்த ஷாப்ல ஃபோர்மேன்?" என்றார் அண்ணி.

தண்ணீர் டம்ளர் பாதி வழியில் நின்றது. "பிரஸ் ஷாப். தகடு அடிக்கிற இடம். எப்படித் தெரியும்?"

"நாற்காலியையே மெஷின் மாதிரி செக் பண்றீங்க. சொல்லுங்க, யாரைக் கொல்லணும்?"

"என் மச்சானை. பொண்டாட்டியோட தம்பி." டம்ளரை டொக்கென்று வைத்தார். "இருபத்தாறு வருஷம் ஒரே கம்பெனியில உழைச்சேன்மா. அஞ்சு மாசம் முன்னாடி விட்டுட்டு ஊருக்கு அந்தப் பக்கம் புதுக் கம்பெனியில சேர்ந்தேன். பழைய கம்பெனியில எனக்குச் சேர்ந்த பி.எஃப். பணம் முழுசையும் புதுக் கணக்குக்கு மாத்தச் சொல்லி ஃபாரம் குடுத்தேன். மாசா மாசம் சம்பளத்துல பிடிச்சது, கம்பெனி போட்டது, வட்டி, எல்லாம். வயசான காலத்துல நானும் அவளும் கஞ்சி குடிக்கிறதுக்குன்னு இருந்த காசு. அது மாறிடுச்சு."

"நல்லதுதானே சார்?"

"வேற எவன் கணக்குக்கோ மாறிடுச்சுய்யா!"

மேஜையில் ஒரு குத்து விட்டார். பேனா ஸ்டாண்ட் எழும்பி உட்கார்ந்தது.

"மச்சான் மேல ஏன் சந்தேகம்?" என்றார் அண்ணி.

"வீட்டுப் பங்குல தகராறு. என் காகிதமெல்லாம் எங்க இருக்கும்னு அவனுக்குத் தெரியும். அவன் கையில விலங்கு மாட்டி, சொந்தக்காரங்க எல்லாரும் பார்க்கத் தெருவுல நடத்திக் கூட்டிட்டுப் போகணும். அதை நான் வாசல்ல நின்னு பார்க்கணும். உங்க ஃபீஸ் எவ்வளவுன்னாலும் சரி."

சட்டைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினார். "இது பதிவுத் தபால்ல வந்துது. பணம் மாறின விஷயமே இதைப் பார்த்துத்தான் தெரியும்."

அண்ணி உள்ளே இருந்த தாளைவிடக் கவரைத்தான் அதிக நேரம் பார்த்தார். திருப்பினார். வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு என்னிடம் தள்ளினார்.

"என்ன தெரியுது தம்பி?"

"கவர் தெரியுது."

ஒரு மிதி.

"கடையில வாங்கின கவர்," என்று திருத்திக்கொண்டேன். "பி.எஃப். ஆபீஸ் கவர்னா அச்சடிச்ச முகவரி இருக்கும். இது கையால எழுதினது. ஸ்டாம்ப் நாக்கால நக்கி ஒட்டியிருக்கு. உள்ளே இருக்கிற தாள்ல கீழே பொடி எழுத்துல 'தொழிலகப் பிரதி'ன்னு போட்டிருக்கு."

"அதாவது, இந்தத் தாள் இவரோட பழைய கம்பெனிக்குப் போக வேண்டிய பிரதி. அங்க இருக்கிற யாரோ சொந்தக் காசுல கவர் வாங்கி, சொந்தக் காசுல பதிவுத் தபால் போட்டு, உங்க பணம் இந்தக் கணக்குக்குப் போயிடுச்சுன்னு இவருக்குத் தெரியப்படுத்தியிருக்காங்க."

"திருடனே ரசீது குடுக்கிற காலம் அண்ணி."

"சார், உங்க பழைய கணக்கு நம்பரைச் சொல்லுங்க."

ஃபோர்மேன் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார் போலிருந்தது. கடகடவென்று பன்னிரண்டு இலக்கங்களையும் சொன்னார். அண்ணி அவற்றை எழுதி, தாளில் இருந்த புது எண்ணை அதன் கீழே எழுதினார். முதல் ஏழு இலக்கங்களும் ஒன்றாகவே இருந்தன.

"முதல் ஏழு கம்பெனியோட நம்பர். கடைசி அஞ்சு ஆளோட நம்பர். உங்க பணம் எங்கயும் ஓடிப் போகல சார். உங்க பழைய கம்பெனிக்குள்ளேயே இன்னொரு ஆள் கணக்குல போய் உக்காந்திருக்கு. பேரு பொருந்தலேன்னா கம்ப்யூட்டர் ஒத்துக்காது. அப்போ அந்த ஆளுக்கும் உங்க பேருதான், உங்க இனிஷியல்தான். அங்க உங்க பேர்ல வேற யாராவது வேலை பார்த்தாங்களா?"

ஃபோர்மேன் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"இல்ல. அந்தப் பேர்ல அங்க நான் ஒருத்தன்தான்."

அதுவரை தெருவுக்கே கேட்கும்படி பேசியவர், அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மெதுவாக, மனப்பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னார்.

பி.எஃப். அலுவலகத்தில் வரிசை வாசல் வரை நின்றது. அண்ணி வரிசையைப் பார்க்காமல் நேராக உள்ளே போனார். ஃபோர்மேன் கொடுத்த அதிகாரக் கடிதத்தைக் கண்காணிப்பாளரின் மேஜையில் வைத்தார். கண்காணிப்பாளர் அப்போதுதான் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிக்கொண்டிருந்தார்.

"யார் கணக்குன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல மேடம். பணத்தைப் பத்தி மட்டும் கேளுங்க, சொல்றேன்."

"பணம் இருக்கா?"

"அப்படியே இருக்கு. நாலு மாசத்துல ஒரு காசு நகரல."

"கணக்கு?"

"உயிரில்லாத கணக்கு. ஆறு வருஷம் முன்னாடி ஒம்பது மாசம் மட்டும் காசு விழுந்திருக்கு. அதுக்கப்புறம் மூச்சு பேச்சு இல்ல. திடீர்னு போன மழைக்காலத்துல இவ்வளவு பெரிய தொகை வந்து விழுந்திருக்கு."

"ஃபோர்மேன் இங்க வந்தாரா?"

"வராம இருப்பாரா? வந்தவுடனே, 'இதுவும் என் கணக்குதான், என் பேர்தான் இருக்கு, எடுத்துக்கறேன்'னார். எடுக்கணும்னா சேர்ந்தப்போ வெச்ச வலது கட்டை விரல் ரேகை ஒத்துப்போகணும். வெச்சார். ஒத்துப்போகல. விரலைச் சட்டையில துடைச்சுத் துடைச்சு மூணு தடவை வெச்சார்."

நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி என்னைப் பார்க்கவில்லை.

"அப்புறம்?"

"உறுதிமொழிப் படிவம் குடுத்து அனுப்பினேன். 'இந்தக் கணக்கு என்னுடையது இல்லை. இன்னாருடையது. அவர் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை இன்ன இடத்தில் வேலை பார்த்தார். அவரை எனக்கு இப்படித் தெரியும்.' நாலே நாலு வரி. எழுதிக் கையெழுத்துப் போட்டா பதினஞ்சு நாள்ல பணம் அவர் கைக்குத் திரும்பிடும்."

"எப்போ குடுத்தீங்க?"

"மூணு வாரம் ஆச்சு. ஆள் திரும்பி வரவே இல்ல."

வெளியே படியில் இறங்கும்போது அண்ணி நின்றார்.

"ஒரு ஆயுசோட சேமிப்பு. நாலு வரி எழுதினா வீட்டுக்கு வந்துடும். அதை எழுதாம, நமக்கு ஃபீஸ் கட்டி மச்சானைப் பிடிக்கச் சொல்றார். ஏன்?"

"கையெழுத்து கோணலா இருக்குமோ என்னவோ."

"விளையாடாதே. திருடினவங்களும் அந்தப் பணத்தைத் தொடல. பறிகொடுத்தவரும் தொட மாட்டேங்கறார். நடுவுல ஏதோ ஒண்ணு உக்காந்திருக்கு தம்பி. அது பணத்தைவிடப் பெரிசு."

பழைய கம்பெனி ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் இருந்தது. கேட்டுக்குப் பத்தடி முன்பே தரை அதிர்ந்தது. உள்ளே பிரஸ் மெஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தகட்டில் இறங்கிக்கொண்டிருந்தன. காவலாளி புகையிலையைத் துப்பிவிட்டு நோட்டை நீட்டினார்.

அண்ணி நோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார். "ஃபோர்மேன் பேர்லயே இங்க இன்னொருத்தர் இருந்தாராமே?"

காவலாளியின் கை நோட்டைப் பாதியில் இழுத்துக்கொண்டது. "யார் சொன்னாங்க?"

"கணக்கு சொல்லுச்சு."

அவர் ஆபீஸ் மாடியை ஒரு முறை அண்ணாந்து பார்த்தார். "ரெண்டு பேருக்கும் ஒரே பேருன்னு அந்தப் பையனை நாங்க நிழல்னு கூப்பிடுவோம்மா. ஃபோர்மேன் பின்னாடியே திரிவான். அவ்வளவு மரியாதை. அதுக்கு மேல என் வாயைக் கிளறாதீங்க. நான் பிள்ளைகுட்டிக்காரன்."

"ஃபோர்மேன் வேலையை விட்டப்போ பி.எஃப். ஃபாரம் யார்கிட்ட குடுத்திருப்பார்?"

"சம்பள செக்‌ஷன். மாடி. வலது பக்கம் மூணாவது ரூம்."

மாடி வராந்தாவில் ஒரு அறிவிப்புப் பலகை இருந்தது. அதில் கையால் எழுதிய ஒரு தாள்: 'வெள்ளிக்கிழமைக்குள் விடுப்பு விண்ணப்பம் தராதவர்களுக்குச் சம்பளம் பிடிக்கப்படும்.' அண்ணி பையிலிருந்து கவரை எடுத்து அதன் பக்கத்தில் பிடித்தார். இரண்டிலும் 'ழ'வின் வால் கீழே இறங்கி, சுழன்று, அடுத்த எழுத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"எழுத்தைக்கூட மறைக்கல," என்றேன்.

"மறைக்க விரும்பல," என்றார் அண்ணி.

மூன்றாவது அறையில் ஒரே ஒரு மேஜைக்குத்தான் ஆள் இருந்தது. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண். ஒடிசலான உடம்பு. நரையை மறைக்காத தலை. மேஜையில் ஒரு தூசி இல்லை. எங்களைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த ஃபைலை மூடினாள். பயந்தவள் மூடுவதுபோல் இல்லை. வேலை முடிந்தவள் மூடுவதுபோல் இருந்தது.

"ஃபோர்மேன் அனுப்பினாரா?"

"ஆமா," என்றார் அண்ணி.

"தபால் போட்ட நாள்லேருந்து வாசலையே பார்த்துட்டிருக்கேன். அவரே வருவார்னு நெனச்சேன். வந்து என் முகத்துக்கு நேரா நின்னு கேப்பார்னு நெனச்சேன்." அவள் எழுந்தாள். "சாப்பிடற ரூமுக்குப் போலாம். இப்போ யாரும் இருக்க மாட்டாங்க."

சாப்பாட்டு அறையில் நீள நீளமான இரும்பு பெஞ்சுகள். சுவருக்கு அந்தப் பக்கம்தான் பிரஸ் ஷாப். ஒவ்வொரு அடிக்கும் மேஜை மேல் இருந்த தண்ணீர் ஜக்கில் வளையம் எழுந்தது.

"நிழல் உங்களுக்கு என்ன வேணும்?" என்றார் அண்ணி.

"என் தம்பி. கூடப் பிறந்தவன். எனக்கு எட்டு வயசு இளையவன். அம்மா போனப்புறம் நான்தான் வளர்த்தேன்."

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஆறு வருஷம் முன்னாடி. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், ரெண்டாவது மெஷின். கை உள்ளே போகாம தடுக்கிற கம்பிக் கூண்டு ஒண்ணு இருக்கும். அது இருந்தா நிமிஷத்துக்கு ரெண்டு தகடு குறையுமாம். கழட்டி வெச்சுட்டு வேலை செய்யுன்னார் ஃபோர்மேன். கழட்டினான். அவர் சொன்னா அவனுக்கு வேதம். மூணாம் நாள் வலது கை போச்சு. அஞ்சு விரலும்."

ஜக்கில் வளையம் எழுந்தது.

"நஷ்ட ஈடு கேட்டுத் தொழிலாளர் கோர்ட்டுக்குப் போனோம். அங்க கம்பெனி என்ன சொல்லுச்சு தெரியுமா? இப்படி ஒரு ஆள் எங்ககிட்ட வேலையே பார்க்கலேன்னு சொல்லுச்சு. வருகைப் பதிவேடு காணாமப் போச்சு. சம்பளச் சீட்டு அவனுக்குக் குடுத்ததே இல்ல. பேர் லிஸ்ட்ல இருக்கேன்னு எங்க வக்கீல் கேட்டார். அப்போ ஃபோர்மேன் சாட்சிக் கூண்டுல ஏறினார். சத்தியம் பண்ணிட்டு, 'அந்தப் பேர்ல அங்க நான் ஒருத்தன்தான்'னு சொன்னார்."

அதே வாக்கியம். அதே வரிசையில் அதே வார்த்தைகள்.

"அதோட விட்டாரா? 'இவன் இரும்புத் துண்டு திருட ராத்திரி சுவரேறிக் குதிச்சவன், மெஷின்ல கையை விட்டுக்கிட்டான்'னும் சொன்னார். கேஸ் தள்ளுபடி. என் தம்பி தலை நிமிர்ந்து ஃபோர்மேனையே பார்த்துட்டிருந்தான். அவர் கடைசி வரைக்கும் திரும்பலை."

"நீங்க இங்க எப்படி?" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"அடுத்த வருஷமே கான்ட்ராக்ட்ல கிளார்க்கா சேர்ந்தேன். எனக்கும் அவனுக்கும் இனிஷியல் வேற. என் புருஷன் பேரு. யாரும் கேக்கல. மூணு வருஷம் பழைய ஃபைலா புரட்டினேன். ஒரு நாள் பி.எஃப். கம்ப்யூட்டர்ல தேடினப்போ ஃபோர்மேன் பேருக்கு ரெண்டு கணக்கு வந்துது. ஒண்ணு அவரோடது. இன்னொண்ணு என் தம்பியோடது. அவன்கிட்ட ஒம்பது மாசம் காசு பிடிச்சிருக்காங்க! பதிவேட்டைக் கொளுத்தினவங்க இதை மறந்துட்டாங்க."

"அதை எடுத்துட்டு அப்பவே கோர்ட்டுக்குப் போயிருக்கலாமே?" என்றார் அண்ணி.

"போனேன். வக்கீல்கிட்ட. 'அதுவும் ஃபோர்மேன் கணக்குதான், தவறுதலா ரெண்டு தடவை பதிவாயிடுச்சுன்னு சொல்லிடுவாங்க. ரேகையை வெச்சு நிரூபி'ன்னார்." அவள் முதன்முறையாகச் சிரித்தாள். பார்க்க நன்றாக இல்லாத சிரிப்பு. "ரேகைக்கு நான் எங்க போவேன்? அந்தக் கட்டை விரல் இப்போ உலகத்துல எங்கயும் இல்ல."

என் கையிருப்பில் இருந்த எந்த ஜோக்கும் அந்த அறைக்குள் வர மறுத்தது.

"அப்புறம் ஃபோர்மேனே வேலையை விடறேன்னு வந்து நின்னார். 'இந்தாம்மா, எனக்கு இந்தப் படிவமெல்லாம் புரியாது. கையெழுத்துப் போட்டுட்டேன், நீயே நிரப்பிக்க'ன்னு காலி ஃபாரத்தை என் கையில குடுத்துட்டுப் போனார். புதுக் கணக்கு எண்ணுன்னு இருந்த இடத்துல என் தம்பியோட நம்பரை எழுதினேன்."

"பணம் வேணும்னு செய்யல நீங்க," என்றார் அண்ணி.

"அந்தப் பணத்துல ஒரு வாய் தண்ணி குடிச்சா எனக்குத் தொண்டையில நிக்கும். அந்தாளு பேர்ல ஒருத்தர்தான் உண்டுன்னா, ரெண்டு கணக்கும் அவரோடதுதானே? போய் எடுத்துக்கட்டும். எடுக்க முடியாது. எடுக்கணும்னா இன்னொருத்தன் இருந்தான்னு எழுதிக் குடுக்கணும். வாயால இல்லேன்னவர், கையால இருந்தான்னு எழுதணும். எழுத மனசில்லேன்னா சாகிற வரைக்கும் அது அங்கயே கிடக்கட்டும். பார்த்துப் பார்த்துச் சாகட்டும்."

"தம்பிக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா, பாவம் வயசானவர், திருப்பிக் குடுத்துடு அக்கான்னு சொல்வான். அவனுக்குக் கோபப்படத் தெரியாது. அவன் பங்கையும் சேர்த்து நானே கோபப்பட்டுக்கறேன்."

அண்ணி பெஞ்சில் அவளுக்கு நேராகத் திரும்பினார். பிறகு, "நீங்க செஞ்சது மோசடி. புகார் குடுத்தா ஜெயில். தெரியும் இல்லையா?" என்றார்.

"தெரிஞ்சுதான் பதிவுத் தபால் போட்டேன். என்னை அவர்கிட்டச் சொல்லுங்க. மறைக்காதீங்க."

மறுநாள் காலை பத்து மணிக்கு ஃபோர்மேன் எங்கள் மாடிப்படியை அதிர அதிர ஏறி வந்தார்.

"மாட்டினானா?"

"மச்சான் இல்ல சார்," என்றார் அண்ணி. "அது உங்களுக்கே தெரியும். ரேகை ஒத்துப்போகாத அன்னிக்கே அது யார் கணக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. மச்சான் மோசடி பண்ணிட்டான்னு கேஸ் ஆனா, போலீஸ் பணத்தைப் பிடுங்கி உங்ககிட்ட குடுத்துடும், நீங்க நாலு வரி எழுத வேண்டியிருக்காதுன்னு கணக்குப் போட்டீங்க. ஒண்ணுமறியாத ஒரு மனுஷனை விலங்கோட தெருவுல நடத்தவும் தயாரா இருந்தீங்க."

ஃபோர்மேனின் முகம் கறுத்தது. "யார் செஞ்சது? அதை மட்டும் சொல்லுங்க."

"நிழலோட அக்கா. நீங்க காலி ஃபாரத்தை யார் கையில குடுத்தீங்களோ அவங்க."

அவர் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். வாயில் வந்த வார்த்தைகளை நான் இங்கே எழுத முடியாது. அண்ணி அவரை நிறுத்தவில்லை. வார்த்தைகள் தீரும்வரை காத்திருந்துவிட்டு, உறுதிமொழிப் படிவத்தை மேஜையில் வைத்தார். பக்கத்தில் ஒரு பேனா.

"புகார் குடுத்தாலும் போலீஸ் முதல் கேள்வியா, இது யார் கணக்குன்னுதான் கேப்பாங்க. எந்த வழியா சுத்தினாலும் இந்த நாலு வரி வழியாத்தான் பணம் வரும்."

"எழுதினா நான் பொய்ச் சத்தியம் பண்ணினவன் ஆயிடுவேனே!"

"ஆயிட்டீங்க சார். ஆறு வருஷம் ஆச்சு."

ஃபோர்மேன் தன் இரண்டு கைகளையும் மேஜை மேல் விரித்து வைத்துப் பார்த்தார். பத்து விரல்கள்.

"முதலாளிதான் சொல்லச் சொன்னார். கூண்டைக் கழட்டச் சொன்னதும் அவர்தான். 'இதை மட்டும் சொல்லிடு, உன்னை மேனேஜர் ஆக்கறேன்'னார். அஞ்சு வருஷம் காத்திருந்தேன். அந்த நாற்காலியில தன்னோட மருமகனைக் கொண்டாந்து உக்கார வெச்சார். நேத்து படிச்சு முடிச்ச பையன். என்னைப் பார்த்து 'யோவ் ஃபோர்மேன்'னு கூப்பிட்டான். அதனாலதான் வேலையை விட்டேன்." பல்லைக் கடித்தார். "அந்தப் பையன் என் பின்னாடியே திரிவான்மா. 'சார் சார்'னு..."

பேனாவை எடுத்தார்.

நாலு வரி எழுதவேண்டிய இடத்தில் அவர் இரண்டு பக்கம் எழுதினார். கூண்டைக் கழற்றச் சொன்ன நாள், முதலாளியின் அறையில் நடந்த பேச்சு, பதிவேட்டை எந்த உலையில் போட்டார்கள், கூட இருந்தது யார், எல்லாம். பேனா தாளைக் கிழித்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அது மனம் திருந்தியவர் எழுதும் வேகம் இல்லை. ஒருவரைக் கீழே இழுத்துப் போடுகிறவரின் வேகம். தானும் கூடவே விழுவதைப் பற்றி அவருக்கு அப்போது கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

கையெழுத்துப் போட்டு முடித்ததும், "இன்னொரு தாள் குடுங்க," என்றார்.

"எதுக்கு?"

"அந்தப் பொம்பளை மேல புகார். என் காசுல கை வெச்சா இல்ல? நான் உள்ளே போனா அவளும் வரட்டும்."

நான் வாயைத் திறந்தேன். அண்ணி என் காலை மிதித்தார். பிறகு அவரே இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கொடுத்தார்.

மதியம் இரண்டு தாள்களின் நகல்களோடும் நாங்கள் பாலத்தைத் தாண்டிப் போனோம். அசல்கள் அதற்குள் போக வேண்டிய இடங்களுக்குப் போய்விட்டன. நான் வழியெல்லாம் பேசவில்லை. அண்ணி இரண்டு தடவை திரும்பி, நான் இருக்கிறேனா என்று பார்த்துக்கொண்டார்.

சம்பள செக்‌ஷனில் அவள் உறுதிமொழியின் நகலை வாங்கி நின்றபடியே படித்தாள். படித்து முடித்ததும் முதல் வரிக்குத் திரும்பினாள். இரண்டாவது முறை உதடு அசையப் படித்தாள்: "'இந்தக் கணக்கு என் பெயரை உடைய வேறொரு தொழிலாளியுடையது. அவர் என் கீழ் வேலை பார்த்தவர். அவர் திருடவில்லை.'"

கடைசி இரண்டு வார்த்தைகளின் மேல் விரலை வைத்து அப்படியே நின்றாள். மேஜை விளிம்பை இன்னொரு கை பிடித்துக்கொண்டது.

"கேஸை மறுபடி திறக்க இது போதும்," என்றார் அண்ணி. "கம்பெனிக்காரர் பதில் சொல்லியாகணும். வக்கீலை நானே பார்த்துட்டேன், நாளைக்கு மனு போடறார்." சற்றுத் தயங்கி இரண்டாவது தாளை நீட்டினார். "இது உங்க மேல. ஸ்டேஷன்ல குடுத்துட்டார். பணம் தொடாம இருந்ததைச் சொன்னா தண்டனை குறையலாம். நான் சாட்சி சொல்ல வரேன்."

அவள் அந்தத் தாளைப் படிக்கவே இல்லை. நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டாள்.

"இது என் பங்கு. அதை எதிர்பார்த்துத்தானே இருந்தேன்." உறுதிமொழியை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டாள். "போலீஸ் எப்போ வருவாங்க?"

"சாயங்காலம் ஆகும்."

"அப்போ நேரம் இருக்கு."

அலமாரிச் சாவியைப் பக்கத்து மேஜையில் வைத்தாள். கம்ப்யூட்டரை அணைத்தாள். மாடிப்படியில் இறங்கி, அதிரும் தரையைக் கடந்து, கேட் நோட்டில் வெளியேறும் நேரத்தை எழுதினாள். காவலாளி எழுந்து நின்றார்.

"எங்கம்மா, பாதி நாள்லயே?"

"வீட்டுக்கு," என்றாள் அவள். "தம்பிக்கு ஒண்ணு படிச்சுக் காட்டணும்."